ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினால் போதுமா?

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். சித்திரை வெயிலில் அந்தப் பாதையில் போனால் ஏதாவது ஒரு வளைவின் ஓரத்தில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கார் நிற்கும். பக்கத்தில் ஒருவர் கையில் தண்ணீர் பாட்டிலோடு குனிந்துகொண்டிருப்பார். அதைப் பார்த்தாலே எனக்குப் பதறும்.

இன்ஜினின் சூட்டைச் சுமந்துவரும் தண்ணீரைக் காற்றில் ஆற வைப்பது ரேடியேட்டர். அதன் மூடிக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. குக்கரில் வெயிட் செய்கிற வேலையை அது செய்கிறது. பெரும்பாலான கார்களில் சுமார் 1 பார் அழுத்தத்தை அது பிடித்து வைப்பதால், உள்ளே இருக்கும் தண்ணீர் 120 டிகிரி செல்சியஸ் வரைகூட கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய், ஆவியும் கொதிநீரும் முகத்தில் பீறிட்டு அடிக்கும். துணியைச் சுற்றித் திறந்தாலும் தப்ப முடியாது. இன்ஜினை நிறுத்திக் குறைந்தது அரை மணி நேரம் காத்திருங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் (ரப்பர் குழாய்) சுடாத அளவுக்கு ஆறிய பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும். கொதிக்கிற இன்ஜினுக்குள் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் கூடாது. இன்ஜினின் மேல்பாகமான அலுமினிய ஹெட் வளைந்துவிடும், சில சமயம் விரிசலே விடும்.

ஆளுக்கு ஆபத்து மூடியில் என்றால், பணத்துக்கு ஆபத்து "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டுவதில். டாஷ்போர்டில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்ட பிறகு ஓட்டுகிற அந்த ரெண்டு கிலோமீட்டர், சில நூறு ரூபாய் ஹோஸ் வேலையை இன்ஜினைப் பிரிக்கிற வேலையாக மாற்றிவிடும். இதில் இன்னொன்றும் இருக்கிறது. கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) முழுவதும் வெளியேறிவிட்டால் சென்சாரைச் சுற்றித் திரவமே இருக்காது. அப்போது முள் கீழே இறங்குவதும் உண்டு. வண்டி ஆறிவிட்டது என்று நம்பி ஓட்டி இன்ஜினை இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஏறிய முள் காரணமில்லாமல் சட்டென்று இறங்கினால் உடனே நிறுத்துங்கள். முள் லேசாக ஏறத் தொடங்கும்போதே ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு வேகத்தில் வைத்தால் கொஞ்சம் சூடு அந்த வழியாக வெளியேறும். ஓரங்கட்ட இடம் கிடைக்கும் வரைக்கும்தான் இந்த உபாயம்.

சரி, வண்டி ஆறிவிட்டது. இனி கேட்க வேண்டிய கேள்வி: எப்போது சூடாகிறது? டிராஃபிக்கில் நிற்கும்போது சூடாகி, நெடுஞ்சாலையில் ஓடினால் சரியாகிவிட்டால், முதலில் ஃபேனைப் பாருங்கள்: மோட்டார், ரிலே (ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்), ஃபியூஸ், சென்சார். ஓடும்போது காற்று தானாக வருவதால் ஃபேன் இல்லாத குறை தெரியாது. ஊருக்குள் நன்றாக இருந்து, மலை ஏறும்போதும் வேகமாக ஓடும்போதும் சூடானால் ரேடியேட்டர் அடைப்பாகவோ வாட்டர் பம்ப் கோளாறாகவோ இருக்கலாம். கிளம்பிய சில நிமிடங்களிலேயே முள் ஏறி, ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸ் மட்டும் குளிர்ந்தே கிடந்தால் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) திறக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். இதையெல்லாம் கவனித்து மெக்கானிக்கிடம் சொல்வது உங்கள் வேலை. அவர் உங்களோடு டிராஃபிக்கில் உட்கார்ந்திருக்கவில்லை.

நான் அதைச் சொல்லவில்லை. என் வண்டி சிக்னலில் மட்டும்தான் சூடானது. "வண்டி ஹீட் ஆகுது" என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டு வந்தேன். "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு சார்?" என்று கழற்றிப் போட்டுவிட்டார்கள். அதன் பிறகும் சிக்னலில் சூடானது, மைலேஜும் குறைந்தது. கடைசியில் பார்த்தால் ஃபேன் ரிலே. தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது நம்மிடம் ஊறிப்போன பழக்கம், தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். பொதுவாக அது 80 முதல் 90 டிகிரிக்குள் திறந்து, இன்ஜினைச் சரியான சூட்டில் வைத்திருக்கிறது. அது இல்லாவிட்டால் இன்ஜின் சூடேற நேரமாகும். இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் அதிகப் பெட்ரோலைத் தள்ளும். ஆயிலில் சேரும் ஈரமும் சரியாக ஆவியாகாது. பழுதானால் புதிது போடுங்கள், கழற்றி எறியாதீர்கள்.

அப்புறம் போர்வெல் தண்ணீர். வீட்டு வாளியில் படிகிற உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். துருவைத் தடுக்கிற மருந்தும் அதில் கிடையாது. அவசரத்துக்கு ஊற்றினால் ஊர் திரும்பியதும் கழுவிவிட்டு, கார் கையேட்டில் சொன்ன கூலன்ட்டைப் போடுங்கள். பச்சையும் சிவப்பும் கலக்க வேண்டாம். நிறத்தை நம்பியும் வாங்க வேண்டாம். தண்ணீர் கலந்தே விற்கிற கூலன்ட்டை அப்படியே ஊற்றலாம். அடர்த்தியானது என்றால் டிஸ்டில்டு வாட்டரோடு சேர்க்க வேண்டும். கலக்காத கூலன்ட் சூட்டைக் கடத்துவதில் தண்ணீரைவிட மோசம். ஓட்டையை அடைக்க மஞ்சள் தூள் போடுகிற வைத்தியம் ஓட்டையோடு நல்ல குழாய்களையும் அடைத்துவிடும்.

தண்ணீர் குறைந்துகொண்டே இருந்து, வெளியே சொட்டே தெரியாவிட்டால் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடான ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். சைலன்சரில் நிற்காத வெள்ளைப் புகை, கூலன்ட்டில் விடாமல் வரும் குமிழி, பால் கலந்தது போன்ற ஆயில் ஆகியவை அதன் அடையாளங்கள். கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடிவிடுவது பாதி வேலை. ஹெட் வளைந்திருக்கிறதா என்று அளந்து பார்த்து, தேவைப்பட்டால் லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தாமல் பூட்டினால் புது கேஸ்கெட்டும் சீக்கிரமே போய்விடும்.

எந்த வேலை முடிந்தாலும் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். ஏர்லாக் இருந்தால் எல்லாம் புதிதாக இருந்தும் முள் ஏறும். அடுத்த ஒரு வாரம், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் கூலன்ட் ரிசர்வ் டேங்கில் அளவைப் பாருங்கள். முதல் நாள் ஒரு கோடு இறங்குவது அந்தக் காற்றால் இருக்கலாம். தினமும் இறங்கினால் வண்டியைத் திரும்பக் கொண்டுபோய் விடுங்கள், மேலே ஊற்றிக்கொண்டே ஓட்டாதீர்கள்.