மோட்டரை மாற்ற முன் வயரை அளவுங்கள்: ஒரு கேத்தலும் மீற்றரும் போதும்

யாழ்ப்பாணத்தில் நீர்வேலி, உரும்பிராய்ப் பக்கத் தோட்டங்களில் வெங்காயத்துக்கு இறைக்கிற மோட்டர் தண்ணீரை இழுக்காவிட்டால் பழி முதலில் மோட்டர் மேல்தான் விழும். "தம்பி, இது பழசாப் போச்சு, புதுசு ஒண்டு பாப்பம்" என்பார் தோட்டக்கார ஐயா. "பொறுங்கோ ஐயா, முதல்ல வயரைப் பாப்பம்" என்பதுதான் எப்போதும் என் பதில். வழியில் வயரிலேயே வோல்ற்றளவு தொலைந்தால் நல்ல மோட்டரும் இழுக்காது. வயரிங் வேலை செய்கிற எனக்கு, நல்ல மோட்டரைக் கழற்றி இரும்பு விலைக்குப் போடுவதைப் பார்க்க மனம் பொறுக்காது.

தேவையான கணக்கு இரண்டே இரண்டு. வோல்ற்றளவை மின்னோட்டத்தால் பிரித்தால் தடை, ஓமில் வரும். வோல்ற்றளவை மின்னோட்டத்தால் பெருக்கினால் வலு, வாற்றில் வரும். 1990க்குப் பிறகு கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளை மிதித்து டைனமோவில் ரேடியோ கேட்டவர்களுக்கு இந்த எண்கள் புதிதல்ல. டைனமோ 6 வோல்ற்று, 3 வாற்று. வலுவை வோல்ற்றளவால் பிரித்தால் மின்னோட்டம்: 3 ÷ 6 = 0.5 அம்பியர். 6 ÷ 0.5 = 12 ஓம். அவ்வளவுதான்.

இனிக் கேத்தலை எடுங்கள். அடியில் 230 வோல்ற்று, 1500 வாற்று என்று இருந்தால், 1500 ÷ 230 = 6.5 அம்பியர், 230 ÷ 6.5 = ஏறத்தாழ 35 ஓம். பிளக்கைக் கழற்றி, கேத்தலின் சுவிட்சைப் போட்டு, மல்டிமீற்றரை ஓமில் வைத்து பிளக்கின் லைன், நியூற்றல் கால்கள் இரண்டையும் தொட்டால் கிட்டத்தட்ட அதே எண் காட்டும். கரண்ட் ஓடும் இடத்தில் ஒருபோதும் ஓம் அளக்காதீர்கள். இழை பல்ப்பில் இந்தச் சோதனை பொருந்தாது. 60 வாற்று பல்ப் எரியும்போது தடை 880 ஓமுக்கு மேல். குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. கேத்தலின் சூடாக்கும் கம்பி அப்படி மாறுவதில்லை. அதனால்தான் வயரைச் சோதிக்கக் கேத்தலை எடுக்கிறேன்.

சரி, கிணற்றடிக்கு வருவோம். வீட்டு மெயின் போர்ட்டிலிருந்து கிணறு 60 மீற்றர், போயிருப்பது 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் என்று வைத்துக்கொள்வோம். மோட்டரைக் கழற்றிவிட்டு, கிணற்றடி இரட்டைப் பொயின்றின் ஒன்றில் தண்ணீர் நிரப்பிய கேத்தலைப் போடுங்கள். மற்றதில் வோல்ற்றளவைப் பாருங்கள். தரை ஈரமென்றால் காலில் செருப்பும் கீழே காய்ந்த பலகையும் வேண்டும். ட்ரிப் சுவிட்ச் இல்லாத லைனில் இதைத் தொடவே வேண்டாம். அதே நேரம் போர்ட்டடியில் வயரிங் தெரிந்த ஒருவரை நிறுத்தி, அங்கத்தைய வோல்ற்றளவையும் கிளாம்ப் மீற்றர் (வயரைக் கவ்விப் பிடித்து மின்னோட்டத்தை அளப்பது) காட்டும் அம்பியரையும் போனில் கேளுங்கள். கிளாம்ப்பை ஒரு வயரில் மட்டும் மாட்டவேண்டும். லைனையும் நியூற்றலையும் சேர்த்துப் பிடித்தால் பூச்சியம்தான் காட்டும். இன்னொன்று: மல்டிமீற்றரை அம்பியரில் வைத்து பிளக் பொயின்றுக்குள் குத்தக்கூடாது. அது நேரடி ஷோர்ட்.

போர்ட்டில் 226, கிணற்றடியில் 213, ஓடுவது 6 அம்பியர் என்று வந்தால், இடையில் தொலைந்தது 13 வோல்ற்று. 13 ÷ 6 = 2.17 ஓம். இது வயரின் தடை. இருக்கவேண்டியது எவ்வளவு? இந்த வயர் ஒரு மீற்றருக்கு 0.0121 ஓம். போக 60, வர 60, மொத்தம் 120 மீற்றர், 1.45 ஓம். மிச்சம் 0.7 ஓம் எங்கே?

பெரும்பாலும் வேலியோரம் எங்காவது முறுக்கி டேப் சுற்றிய ஒரு மூட்டில். அங்கே எரியும் வலுவை அறிய மின்னோட்டத்தை அதனாலேயே பெருக்கி, பிறகு தடையால் பெருக்குங்கள்: 6 × 6 × 0.7 = 25 வாற்று. ஒரு சிறிய சோல்டரிங் அயனின் சூடு அந்த டேப்புக்குள் இருக்கிறது! தண்ணீர் குறைவதைவிட எனக்கு இதுதான் பயம். மெயினை நிறுத்தி, வயர் வழியே நடந்து, டேப் உருகின, கறுத்த இடத்தைத் தேடுங்கள். மூட்டை வெட்டி எறிந்து ஒழுங்கான கனெக்ரர் போட்டால் கேத்தலில் 217 வரும். வயரையே 2.5 சதுர மில்லிமீற்றருக்கு மாற்றினால் தடை 0.9 ஓமுக்கு இறங்கி 220 வரும். மோட்டர் வாங்கும் காசில் ஒரு பங்குதான் இந்த வேலைக்குப் போகும்.

மோட்டருக்கு மட்டும் ஒரு கவனம். அதில் வோல்ற்றையும் அம்பியரையும் பெருக்கி வருவது உண்மையான வாற்று அல்ல. தகட்டில் வலுக்காரணி (அந்தப் பெருக்கலில் உண்மையான வாற்றாகும் பங்கு) 0.8 என்றிருந்தால் அதனாலும் பெருக்கவேண்டும். 220 வோல்ற்று, 5 அம்பியர் என்றால் 1100 அல்ல, 880 வாற்று.

பழைய வீடுகளின் 5 அம்பியர் உருண்டைப் பொயின்று தாங்குவது 230 × 5 = 1150 வாற்று மட்டுமே. அதில் இந்தக் கேத்தலைப் போடவேண்டாம்.

கடைசியாக, இதே அளவை மாலை ஏழு மணிக்கும் எடுங்கள். ஊரே விளக்குப் போடும் அந்த நேரத்தில் போர்ட்டிலேயே 216க்குக் கீழே இருந்தால், உங்கள் வயரை எவ்வளவு தடிப்பாக்கினாலும் பயனில்லை. வழங்கவேண்டிய 230இலிருந்து ஆறு வீதம் குறைந்த எல்லை அதுதான். நேரத்தையும் எண்ணையும் எழுதிக்கொண்டு மின்சாரக் கந்தோருக்குப் போங்கள்.