ஏ5-க்குப் போன குதிரை: ஓப்பனிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செஸ் போட்டிக்கு முந்தின இரவு உட்கார்ந்து ஓப்பனிங்கை, அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளை, பதினைந்து மூவ் வரை மனப்பாடம் செய்துவிட்டுப் போவோம், எதிராளி நான்காவது மூவிலேயே வேறு எதையோ ஆடிவிடுவார். சரி, அது கூடப் பரவாயில்லை. தெரிந்த மூவையே தப்பான நேரத்தில் ஆடுவதுதான் பெரிய ஆபத்து.

1958-59 அமெரிக்க சாம்பியன்ஷிப்பில் 15 வயது பாபி ஃபிஷரிடம் கிராண்ட்மாஸ்டர் ரெஷெவ்ஸ்கி மாட்டியது இப்படித்தான். சிசிலியன் டிஃபென்ஸ் என்ற ஓப்பனிங், ரெஷெவ்ஸ்கிக்குக் கறுப்புக் காய்கள். பி3-இல் இருந்த வெள்ளை பிஷப்பை வெட்டிவிடலாம் என்று எட்டாவது மூவில் சி6 குதிரையை ஏ5-க்குக் கொண்டுபோனார் (எழுத்து நெடுவரிசையை, எண் கிடைவரிசையைக் குறிக்கும்). பார்த்தால் சாதாரண மூவ். ஆனால் அதுவரை இ5 கட்டத்தையும் டி8-இல் நின்ற ராணியையும் அந்தக் குதிரை காத்துக்கொண்டிருந்தது. ஃபிஷர் சிப்பாயை இ5-க்குத் தள்ளினார், எஃப்6-இல் இருந்த குதிரை இ8-க்கு ஒதுங்கி யானைக்கும் ராணிக்கும் நடுவில் போய் நின்றது, ராணிக்கு யானையின் காவலும் போனது, அவ்வளவுதான். பிஷப் எஃப்7-இல் வெட்டி செக், ராஜா அதை வெட்டியதும் வெள்ளைக் குதிரை இ6-இல் குதித்தது. அதை ராஜாவால் வெட்டினால் செக்மேட்டில் போய் முடியும், சிப்பாயால் வெட்டினால் ராணி காலி, வெட்டாமல் விட்டாலும் ராணி ஒதுங்க இடம் கிடையாது. பெரிய கிராண்ட்மாஸ்டருக்கே பதினோராவது மூவிலேயே ஆட்டம் கைவிட்டுப் போய்விட்டது.

அப்போ குதிரையை ஏ5-க்குக் கொண்டுபோகவே கூடாதா? டூ நைட்ஸ் டிஃபென்ஸ் என்ற இன்னொரு ஓப்பனிங்கைப் பாருங்கள். வெள்ளைக் குதிரை ஜி5-க்கு வந்து எஃப்7-ஐக் குறிவைக்கிறது, கறுப்பு டி5 ஆடுகிறது, வெள்ளை அந்தச் சிப்பாயை வெட்டுகிறது. கை தானாகக் குதிரையால் திருப்பி வெட்டப் போகும். வெட்டினால் எதிராளி எஃப்7-இல் குதிரையைப் பலி கொடுத்து உங்கள் ராஜாவைப் பலகையின் நடுவுக்கே இழுத்துவிடுவார். அங்கே வழக்கமான பதில், சி6 குதிரை ஏ5-க்குப் போய் சி4 பிஷப்பைத் தாக்குவது. ரெஷெவ்ஸ்கியைக் கவிழ்த்த அதே மூவ்! அதனால் ஒரு காயை எடுக்கும் முன், அது இப்போது எதையெல்லாம் காத்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் கேஸ்லிங், அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே மூவில் நகர்த்தி ராஜாவைப் பத்திரப்படுத்துவது. ராஜாவைத்தான் முதலில் தொட வேண்டும். யானையைத் தொட்டுவிட்டால் யானையைத்தான் நகர்த்தியாக வேண்டும், அதன்பின் அந்த யானையோடு ஆட்டம் முழுக்கக் கேஸ்லிங் கிடையாது. வீட்டில் ஆடும்போது யாரும் கண்டுகொள்வதில்லை, போட்டியில் எதிராளி உடனே கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிடுவார். எனக்கு நடந்திருக்கிறது. வேறு வழியில்லாமல் யானையை எஃப்1-இல் வைத்துவிட்டு, இ1-இல் திறந்தவெளியில் நின்ற ராஜாவைப் பார்த்துக்கொண்டே மிச்ச ஆட்டத்தை ஆடினேன்.