ஸ்பீக்கர் பெட்டி: உள்ளளவா, வெளியளவா?

திருநகரில் என் வீட்டுக்கு ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும் பையன்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். பெட்டிதான் புதுசு; தவறு எல்லாம் பதினைந்து வருடத்துக்கு முன்னால் நான் செய்தவை. ப்ளஸ் மைனஸ் மாற்றிக் கொடுப்பது, ஸ்க்ரூவை முடுக்கிப் ப்ளைவுட்டைப் பிளப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டால் தெரிந்துவிடும்.

அளவு

என்னுடையது 12 இன்ச் ஊஃபர், அதாவது தாழ்ந்த சத்தத்துக்கான ஸ்பீக்கர். கணக்குப்படி 60 லிட்டர் பெட்டி, 35 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்த போர்ட் (பெட்டிக் காற்று வெளியே போய்வரும் குழாய்). 50, 40, 30 சென்டிமீட்டரைப் பெருக்கினால் சரியாக 60 லிட்டர். தாளில் எழுதி ஆசாரியிடம் நீட்டினேன்.

"உள்ளளவா தம்பி, வெளியளவா?"

"எதுவா இருந்தா என்னண்ணே, முக்கால் இன்ச் பலகைதானே" என்று சொன்ன வாய் இது.

அவர் வெளியளவுக்கே அறுத்துவிட்டார். 18 மில்லிமீட்டர் பலகை நீளத்திலும் அகலத்திலும் ஆழத்திலும் இரண்டிரண்டு முறை கழியும். உள்ளே மிஞ்சியது 46.4, 36.4, 26.4. பெருக்கிப் பாருங்கள், 44.6 லிட்டர். ஊஃபரின் காந்தம், போர்ட் குழாய், குறுக்குச் சட்டம் இவை அடைக்கும் இடம் போக 41 தேறினால் அதிகம். 60-க்குப் போட்ட குழாயை 41 லிட்டரில் வைத்தால் ட்யூனிங் 42 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும்.

உறுமி அடித்தால் குடத்துக்குள் தட்டுவது போலக் கேட்டது. அதற்கும் கீழான சத்தம் வந்தால் கோன் (ஊஃபரில் அதிரும் கூம்பு) சும்மா துள்ளியது. ட்யூனிங்குக்குக் கீழே பெட்டிக்குள் இருக்கும் காற்று கோனை இழுத்துப் பிடிக்காது. நான் ஆம்ப்ளிஃபயரைத் திட்டினேன். வேறொன்று வாங்கினேன். இரண்டு மாதம் கழித்து வேறு வேலைக்கு வந்த அதே ஆசாரி, ஊஃபர் ஓட்டைக்குள் டேப்பை விட்டு அளந்து பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

குழாயை நீளமாக்கினால் ட்யூனிங் இறங்கும், சரி. போன 19 லிட்டர் எங்கிருந்து வரும்? ஃபெவிகால் போட்டு இறுக்கிய பெட்டியைப் பிரிக்கவும் முடியாது. அதன் மேல் இப்போது இன்வெர்ட்டர் பேட்டரி உட்கார்ந்திருக்கிறது.

நெவில் தீல் என்ற பொறியாளர் 1961-இல் தொடங்கி, ரிச்சர்ட் ஸ்மால் என்ற இன்னொருவர் 1970-களில் விரித்த பெட்டிக் கணக்கைத்தான் இன்றைக்கும் எல்லோரும் போடுகிறோம். அந்தக் கணக்கில் லிட்டர் என்றால் உள்ளே இருக்கும் காற்று. பலகைக்கு அதில் இடமே இல்லை. எனக்கு வேண்டியிருந்தது உள்ளளவு 50, 40, 32. அதாவது 64 லிட்டர். நாலு லிட்டர் உள்ளே போகும் சாமான்களுக்கு. வெளியளவு 53.6, 43.6, 35.6. தாளில் இரண்டையும் எழுதி, எது எது என்று பெயரும் போட்டுக் கொடுங்கள். அப்புறம் அறுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

ஊஃபர் ஓட்டை

ஊஃபர் கைக்கு வருமுன் அறுக்காதீர்கள். 12 இன்ச் என்பது ஃப்ரேமின் வெளிவிட்டம். ஓட்டை அதைவிடச் சிறியது.

பழைய தேக்குக் கதவு

அதை அறுத்துப் பெட்டி செய்தால் பார்க்க அழகு. ஐப்பசி மழைக்கு ஊதும், சித்திரை வெயிலுக்குச் சுருங்கும், ஒட்டு விடும். நல்ல ப்ளைவுட் போதும். தேக்கு ஆசை விடவில்லை என்றால் மேலே வெனீர் (மெல்லிய தேக்கு ஏடு) ஒட்டிக்கொள்ளுங்கள்.

கசிவு

பெட்டியில் காற்று கசிகிறதா என்று பார்க்க, தாழ்ந்த சத்தத்தை ஓடவிட்டு, மூட்டு மூட்டாக ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை நடுங்கும் இடத்தில் சிலிகோன் பசை.

பஞ்சு

பெட்டிக்குள் பஞ்சு வைத்தால், அதைக் கொண்டு போர்ட் வாயை அடைக்காதீர்கள்.