சிவப்புப் புள்ளி சிதறித் தெரிந்தபோது நான் செய்தது
ரிஃப்ளெக்ஸ் சைட்டில் (துப்பாக்கியின் மேல் பொருத்தி, லென்ஸில் தெரியும் ஒளிப்புள்ளியை வைத்துக் குறிபார்க்கும் கருவி) சிவப்புப் புள்ளி வட்டமாக இல்லாமல் வால் முளைத்ததுபோல் சிதறித் தெரிந்தது, சைட் பழுதோ என்று சந்தேகம். துப்பாக்கியில் குண்டு இல்லை என்று உறுதி செய்துவிட்டு, லென்ஸ் வழியே மொபைல் கேமராவில் பார்த்தேன்; கச்சிதமான வட்டம். அப்போ சிக்கல் என் கண்ணில், அஸ்டிக்மாடிசம், அதாவது கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் சீராக இல்லாத குறை. சைட்டில் உள்ள எல்இடியின் ஒளியை வளைந்த லென்ஸ் இணைக்கதிர்களாகத் திருப்பி அனுப்புவதால் புள்ளி வெகுதொலைவில் இருப்பதுபோல் தெரிகிறது, அதனால் தூரத்தில் பார்க்கும்போது கண்ணுக்கு உள்ள குறை அதில் அப்படியே வெளிப்பட்டுவிடும். சிலிண்டர் பவர் (அஸ்டிக்மாடிசத்தைச் சரிசெய்யும் பவர்) உள்ள மூக்குக்கண்ணாடி போட்டு, புள்ளி இலக்கின்மேல் தெரியும் அளவுக்கு மட்டும் வெளிச்சத்தைக் குறைத்தேன், பெரும்பாலும் சரியாகிவிட்டது. அப்புறம், புள்ளியை உற்றுப் பார்க்காமல் இரண்டு கண்ணையும் திறந்து இலக்கையே பாருங்கள், இந்த சைட்டின் பெரிய வசதியே அதுதான். 10 மீட்டர் போன்ற கிட்டத்தில் மட்டும் புள்ளியை லென்ஸின் நடுவில் வையுங்கள், கண் நகரும்போது புள்ளி இலக்கைவிட்டு விலகித் தெரியும் இடமாறு பிழை அங்கே கூடுதல்.