பெல்லட் கிரில் வாங்கியாச்சா? பெல்லட்டைப் பார்த்து வாங்குறது எப்படி, நமத்துப் போகாம வச்சிக்கிறது எப்படி

புதுசா பெல்லட் கிரில் (மரத்தூள் குச்சியை எரிச்சு சமைக்கிற அடுப்பு) வாங்குன நண்பர்கள் எல்லாரும் வாட்ஸாப்ல அனுப்புற முதல் கேள்வி "எந்த பிராண்ட் பெல்லட் நல்லது மச்சி?"ங்கிறது தான். நான் திருப்பிக் கேக்குறது "வாங்கி எங்கடா வைக்கப் போற?" ஏன்னா நான் இருக்கிறது ஹூஸ்டன், இங்க வருஷத்துல பாதி நாள் கதவைத் திறந்தாலே மூஞ்சில ஈரத்துணியைப் போட்ட மாதிரி இருக்கும், பொரிச்ச அப்பளத்தை டைனிங் டேபிள்ல விட்டுட்டு வெளிய போய்ட்டு வந்தா நமத்துப் போயிருக்கும். பெல்லட்டும் அப்பளம் ஜாதி தான். எவ்ளோ விலை குடுத்து வாங்குனாலும் நமத்துப் போச்சுன்னா குப்பை.

படி 1: பெல்லட்னா என்னன்னு முதல்ல தெரிஞ்சிக்கோங்க

மர மில்லுல விழுற தூளை நல்லா காயவச்சு, பொடியாக்கி, சின்ன ஓட்டை போட்ட இரும்பு அச்சுல பயங்கர அழுத்தத்துல தள்ளுறாங்க, நம்ம வீட்டு இடியாப்ப உழக்கு மாதிரி தான், ஆனா மெஷின் சைஸ்ல. அந்த அழுத்தத்துல வர்ற சூட்டுல மரத்துக்குள்ள இருக்கிற லிக்னின் இளகி தூளை எல்லாம் ஒட்டிப் பிடிச்சிக்கும், ஆறுனதும் கெட்டியாயிடும். தனியா பசை எதுவும் தேவையில்ல. கால் இன்ச் தடிமன், நீளம் அரை இன்ச்சுல இருந்து ஒரு இன்ச் வரைக்கும் கலந்துகட்டி இருக்கும். எங்க அம்மா ஆறு மாசம் தங்க வந்தப்ப கராஜ்ல மூட்டையைப் பார்த்துட்டு "என்னடா இது, மாட்டுத் தீவனத்தை வாங்கி வச்சிருக்க?"ன்னு கேட்டாங்க. ஊர்ல பால் சொசைட்டில குடுக்கிற குச்சித் தீவனம் அச்சு அசல் இப்படியே தான் இருக்கும், தப்பே சொல்ல முடியாது.

கிரில்லுல என்ன நடக்குதுன்னா, மாவு மில்லுல மேல கொட்டுவோம்ல அந்த மாதிரி ஒரு பெட்டி, அதுக்குப் பேரு ஹாப்பர். அதுக்கு அடியில ஆகர்னு ஒரு நீளமான திருகு. அது மோட்டார்ல மெதுவா சுத்தி பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமா தள்ளிட்டுப் போய் ஃபயர் பாட்ங்கிற சின்ன இரும்புக் கிண்ணத்துல போடும், அங்க ஒரு ஹாட் ராட் பத்த வைக்கும், ஃபேன் ஊதும், நீங்க செட் பண்ண டெம்பரேச்சருக்கு ஏத்த மாதிரி கன்ட்ரோலர் கூட்டிக் குறைக்கும். இந்த ஆகரை மட்டும் மனசுல வச்சிக்கோங்க, பின்னாடி அதை வச்சு ஒரு சோகக் கதை வருது.

படி 2: மூட்டை மேல எழுதியிருக்கிறதைப் படிங்க

பெல்லட் முதல்ல வந்தது சமைக்கிறதுக்கு இல்ல, குளிருக்கு. 1970கள்ல எண்ணெய் விலை ஏறுனப்ப சூடு பண்ற எரிபொருளா பெல்லட் வந்துச்சு, அப்புறம் 1980கள்ல ஒரிகான் மாநிலத்துல மவுண்ட் ஏஞ்சல்ங்கிற சின்ன ஊர்ல ஜோ ட்ரேகர் அதை எரிக்கிற கிரில்லை உருவாக்குனார். இந்த வரலாறு எதுக்குன்னா, இன்னைக்கும் ஹார்டுவேர் கடைக்குப் போனா ரெண்டு வகையும் இருக்கும், ஹீட்டிங் பெல்லட் 40 பவுண்ட் மூட்டை செம சீப்பா கண்ணுக்குத் தெரியும், "ரெண்டும் மரம் தானே"ன்னு கை போகும். வேணாம். ஹீட்டிங் பெல்லட்ல பைன் மாதிரி பிசின் மரம் இருக்கலாம், சாப்பாட்டுக்கு ஆகாத கழிவு மரம் கலந்திருக்கலாம், அந்தப் புகை கறி மேல படியிறதை நாம சாப்பிடணும். பார்பிக்யூன்னு தெளிவா போட்ட மூட்டை மட்டும் எடுங்க.

அடுத்து, முன்னாடி பெருசா "ஹிக்கரி"ன்னு போட்டிருக்கும், அதை நம்பாம திருப்பிப் பின்பக்கம் பாருங்க. 100% ஹிக்கரின்னு இருந்தா முழுக்க அந்த மரம். ப்ளெண்ட்னு இருந்தா பெரும்பகுதி ஓக் இல்லன்னா ஆல்டர், அதுல கொஞ்சம் ஹிக்கரி. சில பேர் மரத்துக்குப் பதிலா வாசனை எண்ணெய் சேர்ப்பாங்க, அதை நான் வாங்குறதில்ல, காசு குடுத்து செண்ட் அடிச்ச மரத்தூள் எதுக்கு. ப்ளெண்ட்னாலே மட்டம்னு ஒண்ணும் இல்ல, ஓக் சீரா எரியும், சூடு நிக்கும், ஆனா 100% விலைக்கு ப்ளெண்ட்டை வாங்காதீங்க, அவ்ளோ தான்.

படி 3: எந்த மரம்?

ஆரம்பத்துல நானும் ஆறு வகை வாங்கி அடுக்கி வச்சேன். இப்ப ரெண்டு தான்.

ஒரு உண்மையைச் சொல்லிடறேன், பெல்லட் கிரில் புகை ரொம்ப மென்மையானது. இங்க டெக்ஸாஸ்ல சட்டசபையே பார்பிக்யூ தலைநகரம்னு தீர்மானம் போட்ட லாக்ஹார்ட் பக்கம் போஸ்ட் ஓக் கட்டையைப் போட்டு மணிக்கணக்கா புகை போடுவாங்க, அந்த அழுத்தம் இதுல வராது. அதனால ஆப்பிளுக்கும் செர்ரிக்கும் கண்ணைக் கட்டிக்கிட்டு டேஸ்ட் பண்ணா எனக்கு வித்தியாசம் தெரியல, செர்ரில கறியோட நிறம் கொஞ்சம் செவப்பா அழகா வருது, அது மட்டும் உண்மை. தெரியிற வித்தியாசம்னா மெஸ்கீட்டுக்கும் ஆப்பிளுக்கும் நடுவுல தெரியும். மெஸ்கீட் தான் இருக்கிறதுலயே காட்டம், அதுக்கு அடுத்து ஹிக்கரி, நடுவுல ஓக், பீக்கன், அப்புறம் மேப்பிள், ஆப்பிள், செர்ரி, ஆல்டர் எல்லாம் சாது. சால்மன் மீனுக்கு ஆல்டர் தான் வாஷிங்டன், ஒரிகான் பக்கத்து வழக்கம், நல்லாவும் இருக்கும்.

நம்மாளுங்களுக்கு ஒரு தனி அட்வைஸ்: மிளகு, சோம்பு, மிளகாத்தூள், இஞ்சி பூண்டு எல்லாம் தடவி ஊறவச்ச சிக்கன் லெக் பீஸுக்கு 100% செர்ரி வாங்கிப் போடாதீங்க, நம்ம மசாலா முன்னாடி அந்தப் புகை வாயைத் திறக்காது. அதுக்கு சாதா ஓக் ப்ளெண்ட் போதும். வெறும் உப்பும் மிளகும் போட்டு ராத்திரி பூரா வைக்கிற பிரிஸ்கெட்டுக்குத் (மாட்டு நெஞ்சுக்கறி) தான் நல்ல ஹிக்கரியோ ஓக்கோ முழுசா வேலை செய்யும், அதுவும் 225 டிகிரி ஃபாரன்ஹீட் மாதிரி குறைஞ்ச சூட்டுல தான் புகை அதிகமா வரும், 400க்கு ஏத்திட்டீங்கன்னா அது கிட்டத்தட்ட ஓவன்.

படி 4: கடையில

20 பவுண்ட் மூட்டை பெரும்பாலும் 15ல இருந்து 25 டாலர் வரைக்கும் இருக்கும். எவ்ளோ வாங்குறதுன்னா, 225ல மணிக்கு ஒரு பவுண்ட், ஒன்றரை பவுண்ட் போகும், அதிக சூட்டுல ரெண்டு மூணு பவுண்ட் கூடப் போகும், காத்தும் குளிரும் இருந்தா இன்னும் இழுக்கும். அப்ப 12 மணி நேர பிரிஸ்கெட்டுக்கு ஒரு மூட்டை கிட்டத்தட்ட காலி. ரெண்டு மூட்டை கையில இருந்தா போதும், ஆஃபர்னு பத்து மூட்டை அள்ளிட்டு வராதீங்க.

வெளிய கார்டன் செக்ஷன்ல, கடை வாசல்ல அடுக்கி வச்சிருக்கிற மூட்டையைத் தொடாதீங்க. பிளாஸ்டிக் மூட்டை தானேன்னு தோணும், ஆனா பல மூட்டைல காத்து போறதுக்கு ஊசி ஓட்டை இருக்கும், மழைச்சாரல் போதும். உள்ள இருக்கிற மூட்டையில, மேல இருக்கிறதை எடுத்து ஒரு மூலையைக் கையால அழுத்திப் பாருங்க, குச்சி குச்சியா நெருடணும், மணல் மூட்டை மாதிரி மெத்துன்னு இருந்தா உள்ள தூள் தான். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கா இருந்தா அடியில எவ்ளோ தூள் தங்கியிருக்குன்னு கண்ணாலயே தெரியும். நிறத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க, பட்டையோட அரைச்சா கருப்பா இருக்கும், சாம்பலும் கொஞ்சம் கூட வரும், அதுக்காக கெட்டதுன்னு இல்ல.

படி 5: வீட்டுக்கு வந்ததும் ரெண்டு டெஸ்ட்

ஒரு பெல்லட்டை எடுத்து ரெண்டு விரலால ஒடைங்க. முறுக்கு மாதிரி "டக்"குன்னு சத்தத்தோட ஒடையணும், மேல லேசா பளபளன்னு இருக்கணும். சத்தமே இல்லாம பிஞ்சு வந்தா, பொடிஞ்சா, மூட்டையைக் கடைக்கே திருப்பிக் கொண்டு போங்க, பில்லைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

ரெண்டாவது, ஒரு டம்ளர் தண்ணில நாலு பெல்லட் போடுங்க. நல்லா அழுத்துன பெல்லட் அடியில போய் உக்காரும். அப்படியே கொஞ்ச நேரம் நின்னு வேடிக்கை பாருங்க, அது ஊதி ஊதி வாய் பொளந்து, டீயில ரொம்ப நேரம் விட்ட ரஸ்க் மாதிரி கூழாயிடும். தரத்தைப் பார்க்கிறதை விட, ஈரம் பட்டா என்ன ஆகும்னு உங்க கண்ணுல காட்டறதுக்குத் தான் இந்த டெஸ்ட்டை செய்யச் சொல்றேன்.

படி 6: எங்க வைக்கிறது (சோகக் கதை இங்க தான்)

ரெண்டு வருஷம் முன்னாடி. செப்டம்பர் நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை சிக்கன் போட்டுட்டு மூடி வச்சேன், ஹாப்பர்ல பாதிக்கு மேல பெல்லட். அடுத்த நாளே புரட்டாசி பொறந்துடுச்சு. வீட்ல ஒரு மாசம் கறி கிடையாது, கிரில் பக்கமே யாரும் போகல. இங்க அது புயல் சீசன் வேற, நவம்பர் கடைசி வரைக்கும் போகும், நல்லா ரெண்டு தடவ ஊத்துச்சு. கவர் போட்டுத் தான் இருந்துச்சு, இருந்தாலும் காத்துல இருக்கிற ஈரத்தைக் கவர் என்ன பண்ணும். ஐப்பசி முதல் சனிக்கிழமை மட்டன் சாப்ஸை ஊறவச்சுட்டு, நாலு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டுட்டு, ஸ்விட்சைப் போடறேன், ஃபேன் சுத்துது, மோட்டார் "ம்ம்ம்"னு முக்குது, ஒரு பெல்லட் விழல. ஹாப்பர்ல கைய விட்டா மேல நல்லாத் தான் இருந்துச்சு, அடியில போகப் போக புட்டு மாவு, அதுக்கும் கீழ ஆகர் குழாய்க்குள்ள ஊதிப்போன தூள் இறுகி சிமெண்ட். சாப்ஸை அன்னைக்கு தோசைக்கல்லுல தான் போட்டேன். அடுத்த நாள் பிளக்கைப் பிடுங்கிட்டு, ஆகரைக் கழட்டி, ஸ்க்ரூ டிரைவரால குத்திக் குத்தி எடுக்க மூணு மணி நேரம். (இப்படி மாட்டிக்கிட்டா தண்ணி ஊத்தி இளக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க, இன்னும் ஊதும்.)

அதுக்கப்புறம் நான் பண்றது இது தான். ஹார்டுவேர் கடையில 5 காலன் பக்கெட், அதுக்கு காமா லிட்னு (Gamma lid) திருகி மூடுற மூடி தனியா விக்கும், உள்ள ரப்பர் வளையம் இருக்கும், 20 பவுண்ட் மூட்டை ஒரு பக்கெட்ல அடங்கிடும். மூட்டையைப் பிரிச்ச அன்னைக்கே கொட்டி, இறுக்கி மூடிடுங்க. பக்கெட் மேல மாஸ்கிங் டேப்ல மரத்தோட பேரும் மாசமும் எழுதி ஒட்டுங்க, கொட்டுனதுக்கப்புறம் ஹிக்கரியும் ஆப்பிளும் பார்க்க ஒண்ணு தான். பிரிக்காத மூட்டையை கராஜ் காங்க்ரீட் தரையில நேரா வைக்காதீங்க, தரை ஈரத்தை இழுத்துக் குடுக்கும், ஒரு பலகை போட்டு மேல வைங்க, ஊர்ல நெல் மூட்டைக்கு அடியில கட்டை போடுவாங்கல்ல, அதே தான். வாட்டர் ஹீட்டர் பக்கத்துல, அடுப்பு பக்கத்துல வேணாம், என்ன இருந்தாலும் விறகு. முடிஞ்சா ஏசி இருக்கிற வீட்டுக்குள்ளயே ஒரு அலமாரி அடியில வைக்கிறது உத்தமம், என் பக்கெட் ரெண்டும் இப்ப பாண்ட்ரில பொன்னி அரிசி மூட்டைக்குப் பக்கத்துல உக்காந்திருக்கு, அதுக்கு வீட்ல பெர்மிஷன் வாங்குனது தனிக் கதை.

அரிசோனா மாதிரி காஞ்ச ஊர்ல இருக்கிறவங்க இவ்ளோ மெனக்கெட வேணாம். காய்ஞ்சு இருந்தா பெல்லட் ஒரு வருஷம் கழிச்சும் நல்லாவே எரியும். நனைஞ்சதைக் காயவச்சு எடுத்துடலாமான்னு கேப்பீங்க, முடியாது, உதிர்ந்த தூள் திரும்ப பெல்லட் ஆகாது.

படி 7: ஹாப்பரைக் காலி பண்றது

அடுத்த வாரமே திரும்ப சமைப்பேன், வானமும் தெளிவா இருக்குன்னா விட்டுடலாம். இல்லன்னா காலி பண்ணிடுங்க. புது மாடல்ல ஹாப்பர் பின்னாடி ஒரு சின்னக் கதவு இருக்கும், பக்கெட்டைக் கீழ பிடிச்சு திறந்தா கொட்டிடும். அது இல்லன்னா ஒரு பழைய சொம்பு போதும், அடியில மிச்சம் இருக்கிற தூளை ஷாப் வாக்கால (கராஜ்ல வச்சிக்கிற வாக்குவம் கிளீனர்) உறிஞ்சிடுங்க. ஃபயர் பாட் சாம்பலையும் எடுக்கலாம், ஆனா நல்லா ஆறுன பிறகு, முந்தின நாள் ராத்திரி சமைச்சது கூட உள்ள கனன்னுட்டு இருக்கும், வாக்குவம் உள்ள போச்சுன்னா தீ தான்.

படி 8: தூளைப் புடைக்கிறது

எவ்ளோ நல்ல மூட்டையிலயும் அடியில ஒரு கை தூள் இருக்கும். அதை அப்படியே ஹாப்பர்ல கொட்டுனா அடியில சேர்ந்துக்கிட்டு பெல்லட்டை இறங்க விடாது, நடுவுல கிணறு மாதிரி குழி விழுந்து சுத்தி பெல்லட் அப்படியே நிக்கும், ராத்திரி மூணு மணிக்குத் தீ அணைஞ்சிருக்கும், நீங்க தூங்கிட்டு இருப்பீங்க. நீளமா சமைக்கும்போது மூணு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவ ஒரு மரக்கரண்டியால லேசா கிளறி விடுங்க.

தூளை எடுக்க நான் கம்பி வலை வச்சு சலிச்சுட்டு இருந்தேன். அம்மா ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு, "தள்ளு"ன்னு சொல்லிட்டு சூட்கேஸ்ல கொண்டு வந்த பிளாஸ்டிக் முறத்தை எடுத்துட்டு பேக்யார்டுல நின்னு புடைக்க ஆரம்பிச்சுட்டாங்க. தட்டி, தட்டி, ஓரத்தால ஒரு தள்ளு, தூள் பூரா முன்னாடி பறக்குது, பெல்லட் பின்னாடி வந்து சேருது. 20 பவுண்டும் பதினஞ்சு நிமிஷம் கூட ஆகல. வேலிக்கு அந்தப் பக்கத்துல இருந்து வெள்ளக்காரத் தாத்தா எட்டிப் பார்த்துட்டு அந்த முறம் எங்க கிடைக்கும்னு கேட்டார்.

ஒவ்வொரு மரத்துலயும் கடைசியா ஒரு பவுண்ட் ரெண்டு பவுண்ட் மிஞ்சும்ல, அதைத் தூக்கிப் போடாம மூணாவது பக்கெட் ஒண்ணுல கொட்டிட்டு வர்றேன், கலந்து எரிச்சா ஒண்ணும் ஆகாது. அது மேல டேப்ல "கதம்பம்"னு எழுதியிருக்கு. லெக் பீஸுக்கெல்லாம் அது தான்.