மாலை ஜெபத்தில் பெரிய முடிவுகளை வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் கிறிஸ்தவ வீடுகளில் பெரிய முடிவுகள் பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டுக்கு முந்தைய குடும்ப ஜெபத்தில்தான் கர்த்தருடைய பாதத்தில் வைக்கப்படுகின்றன. தேயிலைத் தோட்டத்தை விற்றுவிட்டுக் கோயம்புத்தூருக்கு இறங்கலாமா, மகளுக்கு வந்திருக்கும் வரனுக்குச் சரி சொல்லலாமா, மகனைத் திருப்பூர் வேலைக்கு அனுப்பலாமா என்று கேட்கிறோம். அருமையான பழக்கம் இது. "என் கையெடுப்பு அந்திப்பலியாகவும் இருக்கக்கடவது" என்று 141-ஆம் சங்கீதம் பாடுகிறது. தானியேலிடம் காபிரியேல் தூதன் வந்ததும் அந்திப்பலியின் நேரத்தில்தான். ஆனால் பதில் இன்றிரவே கைக்கு வந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் நாம் சில தவறுகளைச் செய்துவிடுகிறோம்.

முதலாவதும் பெரியதுமான தவறு, முடிவெடுத்துவிட்டு ஜெபிக்க வருவது. எரேமியா 42-ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். எருசலேம் விழுந்தபின் மீந்திருந்த ஜனங்கள் தீர்க்கதரிசியிடம் வந்து, நாங்கள் நடக்க வேண்டிய வழியைக் கர்த்தரிடம் கேளும் என்கிறார்கள். நன்மையானாலும் தீமையானாலும் கீழ்ப்படிவோம் என்று வாக்கும் கொடுக்கிறார்கள். பத்து நாள் கழித்துப் பதில் வருகிறது: இங்கேயே இருங்கள், எகிப்துக்குப் போகாதீர்கள். உடனே, நீ பொய் சொல்லுகிறாய் என்று எரேமியாவின் மேலேயே பாய்கிறார்கள். ஏன் அவ்வளவு கோபம்? முந்தின அதிகாரத்தின் கடைசியில் விடை இருக்கிறது. எகிப்துக்குப் போவதற்காகப் புறப்பட்டு, பெத்லகேமுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே வந்து தங்கியிருந்தார்கள். மூட்டை கட்டி வழியில் இறங்கியவர்கள் கேட்ட கேள்வி அது.

நிலத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டு "ஆண்டவரே, உமது சித்தமா?" என்று கேட்பதும் இதே கதைதான். அதற்காக ஆசையே இல்லாதவர்போல ஜெபிக்க வேண்டியதில்லை. கெத்செமனேயில் இயேசு தமக்கு என்ன வேண்டும் என்பதை மறைக்கவில்லை. பாத்திரம் நீங்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டார், அப்புறம்தான் "உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்றார். அதையே மூன்று முறை ஜெபித்தார். நாமும், "ஆண்டவரே, எனக்கு இந்த இடம் வேண்டும், மனசு அங்கேதான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, வேண்டாம் என்ற பதிலுக்கும் சேர்த்து ஜெபிக்கலாம். அந்த இரண்டாவது பாதி நாவில் வர மறுக்கிறது என்றால், அன்றைக்கு ஜெபிக்க வேண்டியது நிலத்தைப் பற்றியல்ல, நம் மனதைப் பற்றித்தான்.

அடுத்தது அடையாளம் கேட்பது. "காலையில் மூடுபனி விலகியிருந்தால் வாங்குகிறேன்" என்பது போன்ற ஜெபங்கள் இங்கே சகஜம். ஊட்டியில் ஜனவரி விடியல் பெரும்பாலும் தெளிவாகத்தான் இருக்கும். ஜூலையில் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். இதற்கு, ஆட்டுத்தோலை விரித்துவைத்து அதில் பனி இறங்குவதை அடையாளமாகக் கேட்ட கிதியோனை ஆதாரம் காட்டுகிறோம். ஆனால் தோலை விரிக்கும் முன்பே "உனக்கு இருக்கிற இந்தப் பலத்தோடே போ" என்று அவனுக்குச் சொல்லியாயிற்று. இரண்டாம் முறை கேட்கும்போது, உமது கோபம் என்மேல் மூளாதிருப்பதாக என்று அவனே பயந்து கேட்கிறான். அவனுடைய பயத்தைக் கர்த்தர் பொறுத்துக்கொண்டார். நாம் அதை ஒரு முறையாக ஆக்கிக்கொள்ளக் கூடாது. கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைப்பதும் அப்படித்தான். வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை மனதைத் தேற்றட்டும், நல்லது. வரனையும் வேலையையும் அதை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம்.

விசாரிக்க வேண்டியதை விசாரிக்காமல் ஜெபத்தில் மட்டும் நிற்பதும் ஆபத்து. கூடலூர், பந்தலூர் பக்கம் நிலம் வாங்குபவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். 1969-ஆம் ஆண்டின் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தில் 'பிரிவு 17' என்று சொல்லப்படும் நிலங்களில் பட்டா கிடைக்காமல் எத்தனையோ குடும்பங்கள் வருடக்கணக்காகத் தவிக்கின்றன. நிலம் எந்தப் பிரிவில் வருகிறது என்று தாலுகா அலுவலகத்தில் கேட்பதும், வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பதும் அவிசுவாசம் ஆகாது. மறுபக்கமும் உண்டு: யோசுவா 9-இல், தூரதேசத்தார்போல நடித்து வந்த கிபியோன்காரரின் பூசணம் பிடித்த அப்பத்தையும் கிழிந்த துருத்திகளையும் கண்ணால் பார்த்துவிட்டு, இஸ்ரவேலர் கர்த்தரைக் கேளாமலே அவர்களோடு உடன்படிக்கை செய்தார்கள். இரண்டும் வேண்டும்.

நாள் முழுக்கக் கொழுந்து பறித்த உடம்போடு இரவு ஒன்பது மணிக்கு முழங்கால்போடும்போது எல்லாமே இருட்டாகத்தான் தெரியும். சூரைச்செடியின் கீழே சாக விரும்பிய எலியாவுக்கு முதலில் கிடைத்தது உபதேசம் அல்ல. தூக்கமும் தணலில் சுட்ட அடையும் தண்ணீரும்தான். மனம் சோர்ந்து கிடக்கும் வேளையில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்று இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் சொன்னது, கத்தோலிக்கர் அல்லாதவர்களும் எடுத்துக்கொள்ள வேண்டிய அறிவுரை. உபவாசக் கூட்டம் முடிந்து வந்த உற்சாகத்தில் எடுக்கும் முடிவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

எனக்கு மிகவும் வலிக்கிற தவறு ஒன்று உண்டு. "கர்த்தர் எனக்குக் காண்பித்தார், இந்த மாப்பிள்ளைதான்" என்று பெரியவர் ஒருவர் ஜெபத்தின் நடுவிலேயே அறிவித்துவிடுவார். அப்புறம் அந்தப் பெண் எப்படி வாய் திறப்பாள்? மறுத்தால் அப்பாவை மட்டுமல்ல, ஆண்டவரையே மறுத்ததாகிவிடும். தீர்க்கதரிசிகள் பேசும்போது மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதியிருக்கிறார். அப்போஸ்தலர் 15-இல் "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று எழுதும் முன் எவ்வளவு தர்க்கம் நடந்தது! மகளைத் தனியே கூப்பிட்டு, "உனக்கு என்னம்மா தோணுது?" என்று கேளுங்கள். அம்மாவோ அத்தையோ கேட்டால் இன்னும் நல்லது. அவள் சொல்வதையும் சேர்த்துத்தான் அடுத்த நாள் ஜெபிக்க வேண்டும்.

நடைமுறையில் நான் சொல்வது இவ்வளவுதான். ஒரு மாலைக்கு ஒரு கேள்வி போதும். அதைத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். ஜெபம் முடிந்ததும், நாளைக்கு யாரைப் பார்க்க வேண்டும், எந்தக் காகிதத்தை எடுக்க வேண்டும் என்று கீழே குறித்துவிட்டுப் படுத்துவிடுங்கள். "நான் நடக்கவேண்டிய வழியை எனக்குக் காண்பியும்" என்று கேட்கும் 143-ஆம் சங்கீதம், அதிகாலையில் கிருபையைக் கேட்கப்பண்ணும் என்றுதான் அந்த வசனத்தைத் தொடங்குகிறது. எதிர்த்தரப்பு இன்றிரவே பதில் வேண்டும் என்று நெருக்கினால் ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். நியாயமான ஆட்கள் கொடுப்பார்கள். கொடுக்கவில்லை என்றால், ஏன் இவ்வளவு அவசரம் என்று அவர்களிடமே கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலையும் அந்த நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.