இஎஸ்பி32 போர்டு கருகாமல் கரண்ட் கொடுப்பது எப்படி?

இஎஸ்பி32 டெவ்கிட் (வைஃபை உள்ள குட்டி மைக்ரோகன்ட்ரோலர் போர்டு) வாங்கியதும் எல்லோருக்கும் புரோகிராம் எழுதத்தான் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். போர்டுகள் பெரும்பாலும் செத்துப்போவது ஒயர் செருகும்போதுதான்.

முதலில் இரண்டு முனைகளைக் கண்டுபிடியுங்கள். 'வின்' அல்லது '5வி' என்று எழுதிய முனையில் கொடுப்பது ரெகுலேட்டர் வழியாக 3.3 வோல்ட்டாகக் குறைந்து சிப்புக்குப் போகும். '3வி3' முனைக்கு அந்தக் காவல் கிடையாது, கொடுப்பது நேராகச் சிப்புக்கே போகும். சிப் தாங்குவது 3.0 முதல் 3.6 வோல்ட் வரைதான். என் முதல் போர்டு போனது இங்கேதான். 18650 என்ற உருளை வடிவ லித்தியம் பேட்டரியின் மேல் 3.7 என்றுதான் போட்டிருந்தது, ஆனால் முழு சார்ஜில் அது 4.2 வோல்ட். நேராக 3வி3-யில் கொடுத்தேன். சிப் தொட முடியாத அளவுக்குச் சுட்டது, அப்புறம் எழவே இல்லை.

சரி, எதிலிருந்து கொடுப்பது? பழகும்வரை யூஎஸ்பி கேபிளே போதும். 9 வோல்ட் பேட்டரியை வின்-இல் மாட்டாதீர்கள். மிச்சமுள்ள 5.7 வோல்ட்டையும் ரெகுலேட்டர் சூடாகத்தான் கழிக்க வேண்டும். 200 மில்லி ஆம்பியர் ஓடினால் அது 1.1 வாட்டுக்கு மேல். அந்தக் குட்டி ரெகுலேட்டருக்கு இது பெரிய சூடு.

18650-தான் வேண்டுமென்றால் நடுவில் வோல்ட்டேஜைக் கூட்டித் தரும் ஒரு பூஸ்ட் மாட்யூல் வையுங்கள். போர்டை இணைக்கும் முன் மாட்யூலை மட்டும் பேட்டரியில் மாட்டி, வெளியீட்டில் மல்டிமீட்டர் முனைகளை வைத்து, நீல நிறப் பெட்டியின் பித்தளைத் திருகை மெதுவாகத் திருப்புங்கள். எம்டி3608 மாட்யூல் 28 வோல்ட் வரைகூடக் கொடுக்கும், அதனால் கடையிலிருந்து வந்த நிலையை நம்பவே கூடாது. மீட்டர் 5.0 காட்டிய பிறகு வின்-இலும் கிரவுண்டிலும் இணையுங்கள். அந்த நேரம் யூஎஸ்பி கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

சென்சாரையும் மறக்காதீர்கள். தண்ணீர்த் தொட்டி அளவு பார்க்க உதவும் எச்.சி-எஸ்ஆர்04 சென்சாரின் எக்கோ முனை 5 வோல்ட் அனுப்பும். எக்கோவிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அங்கிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, இரண்டும் சேரும் இடத்திலிருந்து போர்டுக்குச் சிக்னலை எடுங்கள். 3.3 வோல்ட்தான் வரும்.

வைஃபை தொடங்கியதும் போர்டு திரும்பத் திரும்ப ரீசெட் ஆகி, சீரியல் மானிட்டரில் 'பிரவுன்அவுட்' என்று வந்தால் வோல்ட்டேஜைக் கூட்டாதீர்கள். குறைவது கரண்ட். குறைந்தது 500 மில்லி ஆம்பியர் தரும் சப்ளையும், குட்டையான தடித்த ஒயரும் போட்டுப் பாருங்கள்.